பாவாயி பக்கத்து மலை

கொலைகாரன் அவன், தம்பி. எங்களுக்கு வண்டி வாடகைக்கு விட்டானே, அவனைத்தான் சொல்கிறேன். பேரைக் கேட்காதீங்க, என் வாயில் நுழையாது. பிரேக் இல்லாத வண்டியைக் கையில் கொடுத்து, சிரித்துக்கொண்டே டாட்டா காட்டி, என்னையும் என் பெண்டாட்டியையும் மலையிலிருந்து உருட்டிவிடப் பார்த்தான். அவனைச் சும்மா விடுவேன் என்று நினைத்தானா?

நீங்க ஃபோனில் தமிழ் பேசியது காதில் விழுந்தது. அதனால்தான் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன், தப்பா நினைக்காதீங்க. படிக்க வந்தீங்களா? ஊர்? விருத்தாசலமா. நல்லது. நான் நாமக்கல். லாரிப்பேட்டையில் வையாபுரி என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். கிளீனராகப் போய் வண்டி கழுவியவன், இன்றைக்கு என் பேர் எழுதின லாரிகள் குஜராத் வரைக்கும் ஓடுகின்றன. பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்ததை விட ரோடு சொல்லிக் கொடுத்தது அதிகம் எனக்கு.

அதோ முன்னால், டிரைவருக்கு நேர் பின்னால், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் பாவாயி. என் வீட்டுக்காரி. பஸ் பூராவும் காலியாகக் கிடக்கிறது, என் பக்கத்தில் உட்கார மாட்டாளாம். அங்கே போய் டிரைவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இருங்க. இருங்க தம்பி. பஸ் இறங்குகிறதா? இது இறக்கமா?

இல்லையா. சமதரைதானா. சரி. கம்பியைப் பிடித்துக்கொண்டால் பேச்சு நன்றாக வருகிறது, அதற்காகப் பிடித்தேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. குளிர்தான். இந்த நியூசிலாந்துக் குளிர் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

என் பையன் செய்த வேலை இது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். "அப்பா, நீங்க ஊரெல்லாம் ஓட்டினீங்க, அம்மாவை ஒரு நாளாவது பக்கத்துல உட்கார வெச்சு ஓட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டான். லாரியில் யாராவது பெண்டாட்டியை ஏற்றுவார்களா தம்பி? டிக்கெட்டைப் போட்டுவிட்டான். கேரவன் என்றான். கேரவன் என்றால் நம் ஊரில் சினிமாக்காரர்கள் மேக்கப் போட உட்காரும் வண்டிதானே, அதில் நமக்கு என்ன வேலை என்றேன். இல்லையப்பா, அதிலேயே சமைக்கலாம், தூங்கலாம், நீங்களே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்றான். நானே ஓட்டலாம் என்றதும் சரி என்றேன்.

வந்து இறங்கியதும் நேராக அந்தக் கொலைகாரன் கடைக்குப் போனோம். பையன் ஒரு புது வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தான். வாடகையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நான் ஒரு மாதம் லாரியையே வாடகைக்கு எடுப்பேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் பேரத்துக்கு என்ன இங்கிலீஷ்? "லாஸ்ட் பிரைஸ்" என்றேன். அவன் கம்ப்யூட்டரைக் காட்டினான். "நோ. லாஸ்ட் பிரைஸ்" என்றேன். சிரித்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். பாவாயிக்கு என் நடை தெரியும், அவள் எழுந்திருக்கவே இல்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மறுபடி வந்தேன். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவனுக்குத் தாங்கவில்லை, கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ஒரு பழைய டீசல் வண்டியைக் காட்டினான். கியர் வண்டி. இதை இங்கே யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும். கியர் இல்லாத வண்டியை ஓட்டுகிறவன் டிரைவரா? பாதி விலைக்கு முடித்தேன். நாமக்கல்காரனிடமா!

ஒரு மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஏதேதோ சொன்னான். ஒரு மலை ரோட்டின் மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டான். அதில் போகாதே என்கிறான், அது புரிந்தது. சொன்னான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏன் போகக் கூடாது என்று சொன்னானா? இந்த வண்டிக்குப் பிரேக் இல்லை ஐயா, அதனால் போகாதே என்று சொல்லியிருந்தால் நான் ஏன் போகிறேன்? நானும்தான் லாரி வாடகைக்கு விடுகிறேன். அந்த ரோட்டில் போகாதே, இந்த ரோட்டில் போகாதே என்று நானும்தான் சொல்வேன். டயர் தேயக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது. எனக்குத் தெரியாததா?

ஆனால் தம்பி, பயணம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. பாவாயி முதல் நாள் வாயே திறக்கவில்லை, கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். அப்புறம் ஏதோ ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, அந்தக் குட்டி அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு பொங்கினாள். தண்ணீர் அப்படியொரு நீலம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படியே போயிட்டே இருந்தாத் தேவலை, இல்லீங்?" என்றாள். என்னைப் பார்த்து அப்படி அவள் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? டீசல் யார் போடுவது என்றேன். சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள் தம்பி. கதவோரத்தை விட்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்ததும் அன்றைக்குத்தான்.

இன்றைக்குக் கடைசி நாள். வண்டியைக் குயின்ஸ்டவுனில் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் விமானம் ஏற வேண்டும். காலையில் மேப்பைப் பிரித்தேன். நல்ல ரோடு சுற்றிக்கொண்டு போகிறது. பெருக்கல் குறி போட்ட ரோடு மலைமேல் ஏறி நேராக இறங்குகிறது. நேரம் தப்பினால் இன்னொரு நாள் வாடகை எழுதிவிடுவான். மலைக்கே விட்டேன். ஏற்றம் அருமையாக ஏறியது. உச்சியில் நிறுத்திப் பார்த்தால் கீழே ஊர், ஆறு, வயல், எல்லாம் உள்ளங்கையில் வைத்த மாதிரி. பாவாயி ஃபோட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். இந்த ஃபோனில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

அங்கிருந்து இறக்கம்.

உங்களுக்கு வண்டித் தொழில் தெரியாது, அதனால் ஒன்று சொல்கிறேன். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக உருளும். இன்ஜின் சும்மா இருக்கும், டீசல் குடிக்காது. பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து இறக்க வேண்டியது. கிளீனர் காலத்திலிருந்து நான் பார்த்து வளர்ந்த வித்தை. அந்தச் சேமிப்பில்தான் முதல் லாரிக்கு முன்பணம் கட்டினேன். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், இப்படிச் செய்யாதே என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். புத்தகம் எழுதினவன் டீசல் போட்டானா?

பாவாயி கவனித்துவிட்டாள். "ஏனுங்க, கியர்ல போடுங்க" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும்?"

"எறக்கம் பெருசா இருக்குதுங்க. கியர்ல போட்டு எறக்குங்க."

"லாரியே இறக்கினவன் நான். இந்தப் பெட்டியை இறக்க மாட்டேனா?"

முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பினேன். இரண்டாவது திரும்பினேன். ஒரு நாற்றம் வந்தது. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி. "தீயற வாசம் வருதுங்க" என்றாள். அடுப்பில் ஏதாவது வைத்தாயா என்று கேட்டேன். அவள் இரண்டு கையாலும் முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

மிதித்தேன். பிரேக் மிதி உள்ளே போனது. பஞ்சு மூட்டையில் காலை வைத்த மாதிரி, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தேன். கீழே தகரத்தில் போய் முட்டியது. வண்டி பறக்கிறது. கியரைப் போடலாம் என்று தள்ளினேன், அந்த வேகத்தில் எங்கே விழும்? கரகரவென்று பல்லைக் கடிக்கிறது. மறுபடி தள்ளினேன். கடிக்கிறது. கை பிரேக்கை இழுத்தேன், பன்றி கத்துகிற மாதிரி கத்தியது, அவ்வளவுதான். பின்னால் பாத்திரங்கள் எல்லாம் அலமாரியிலிருந்து கொட்டி உருளுகின்றன. ஒரு வளைவு வந்தது. எப்படித் திரும்பினேன் என்று சத்தியமாகத் தெரியாது. என் பக்கம் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வானம்தான். வலது பக்கம் ஜன்னல் முழுக்க வானம்.

சத்தம் போட்டேன் போலிருக்கிறது. என்ன சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை. அம்மா என்று கத்தினேனா, சாமி பேரைச் சொன்னேனா, தெரியவில்லை. பாவாயி கத்தவில்லை. அது மட்டும் தெரியும். அவள் சாதாரணமாக, கடையில் சாமான் சொல்கிற மாதிரி, "எம் பக்கம் ஒரசுங்க" என்றாள்.

அவள் பக்கம் மலை தம்பி. இந்த ஊரிலும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள். டிரைவர் வலது பக்கம், அவள் இடது பக்கம். அந்தப் பக்கம் மலையை வெட்டின மண்சுவரும் பாறையும். அதில் உரசி உரசித்தான் நிறுத்த முடியும், வேறு வழியே கிடையாது. எனக்கும் அதேதான் தோன்றியது. தோன்றிய நேரத்தில் அவள் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். லாரிக்காரன் வீட்டில் இத்தனை வருசம் சோறு பொங்கினவள், நாலு பேர் பேசுவதைக் கேட்டிருப்பாள்.

"பாவாயி, உம் பக்கம்டி..." என்றேன்.

"ஒரசுங்கன்னா ஒரசுங்க!" என்றாள்.

உரசினேன். ஐயோ, அந்தச் சத்தம். வண்டியின் தோலை யாரோ உரிக்கிற மாதிரி. முதலில் சைடு கண்ணாடி போனது. அப்புறம் ஜன்னல் கண்ணாடி அப்படியே நொறுங்கி அவள் மடியில் கொட்டியது. மண்ணும் கல்லும் உள்ளே வருகிறது. அவள் தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பை முகத்தில் மூடிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்துகூட வரவில்லை தம்பி. சாய்ந்தால் என் கை ஆடும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்டியரிங்கை விடவில்லை. உரசிக்கொண்டே போய், ஒரு பாறையில் முன்சக்கரம் ஏறி, குலுங்கி, நின்றது.

நின்ற பிறகும் நான் மிதியை விடவில்லை. சக்கரத்திலிருந்து புகை. எங்கேயோ ஆடு கத்துகிறது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தால் அவள் எப்படி இருப்பாளோ. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "பாவாயி" என்றேன். மறுபடி, "பாவாயி" என்றேன். "ஏய் பாவாயி."

"எறங்குங்க" என்றாள்.

முழங்கையில் ஒரு கீறல். அவ்வளவுதான். தெய்வம் இருக்கிறது தம்பி. அவள் கதவு திறக்கவில்லை, என் பக்கமாகத்தான் இறங்கினாள். நான் கையைக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. புல்லில் போய் உட்கார்ந்து, மடியிலிருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். யாரோ ஆட்டுப் பண்ணைக்காரி காரை நிறுத்தி, பாவாயிக்குக் கம்பளி போர்த்தி, எங்கேயோ ஃபோன் செய்தாள். போலீஸ் வந்தது. ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னான். பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்க ஊதினேன். அதற்குப் பின்னால் வண்டியை இழுத்துப்போகிற லாரி வந்தது.

இனிமேல்தான் கேளுங்க. உடம்பெல்லாம் எரிகிறது இதை நினைத்தால்.

அந்த லாரிக்காரன் சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தான். எழுந்து என்னிடம் வந்து ஏதோ கேட்டான். அதில் கியர் என்ற வார்த்தை மட்டும் பிடிபட்டது. என்ன கியரில் வந்தாய் என்கிறான். போலீஸ்காரன் பக்கத்தில் நிற்கிறான். இரண்டாவது கியர் என்று நான் இரண்டு விரலைக் காட்டினேன். எவனாக இருந்தாலும் அதைத்தான் காட்டுவான். அயல் தேசம், பாஷை தெரியாது, போலீஸ் வேறு. வேறென்ன செய்யச் சொல்றீங்க?

புல்லிலிருந்து பாவாயி எழுந்து வந்தாள். கம்பளியை மடித்து அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த லாரிக்காரன் முன்னால் நின்று, தெளிவாக, "நியூட்ரல்" என்றாள்.

அவளுக்கு இங்கிலீஷில் வேறு ஒரு வார்த்தை தெரியாது தம்பி! தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது, போலீஸ்காரனுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாலி கட்டினவனை அந்நியன் முன்னால் காட்டிக் கொடுத்தாள். நான் அங்கேயே கையை ஓங்கியிருப்பேன். ஓங்கவில்லை. கை வரவில்லை.

போலீஸ் காரில் கீழே இறங்கும்போது கேட்டேன். "எதுக்குடி அப்படிச் சொன்னே? ரெண்டுன்னு நான் சொன்னா உனக்கென்ன நட்டம்?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அர்த்தனாரி செத்தன்னிக்கும் ரெண்டுன்னுதான் சொன்னீங்க."

அர்த்தனாரி அவள் தம்பி. என் மச்சான். என்னிடம் கிளீனராக இருந்தான், நல்ல பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. திம்பம் மலையில் இறங்கும்போது வண்டி கவிழ்ந்துபோனது. எனக்குத் தோள்பட்டை எலும்பு போனது, அவனுக்கு உயிர் போனது. அது பிரேக் கோளாறு தம்பி. ஸ்டேஷனிலும் அதைத்தான் சொன்னேன், என் மாமியார் வீட்டிலும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவது கியரில் இறக்கினேன், பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். சத்தியமங்கலத்தில் அந்தப் பிரேக்கை முன்னால் சரிபார்த்துக் கொடுத்த மெக்கானிக்கை நானும் நாலு பேருமாகப் போய்க் கேட்கிற விதத்தில் கேட்டோம். எல்லாம் சரியாகத்தான் முடுக்கினேன் அண்ணா என்று அழுதான். எவன்தான் தப்பை ஒத்துக்கொள்கிறான்? பட்டறையை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டான். இத்தனை வருசமாக ஒரு வார்த்தை கேட்காதவள், இன்றைக்குக் கேட்கிறாள்.

அது வேறு வண்டி, அது வேறு பிரேக் என்று சொன்னேன். போலீஸ்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பவே இல்லை. விமான நிலைய பஸ் நிற்கிற இடத்தில் கார் நின்றதும் இறங்கி, என் பையிலிருந்து அவள் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் பையில் வைத்துக்கொண்டாள். "ஊருக்கு வர்றேன். ஆனா உங்க கூட வீட்டுக்கு வரலை. எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோபத்தை நான் பேசித் தீர்ப்பேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருகிற ஆள்தானே நான். அவள் கோபமாகச் சொல்லவில்லை தம்பி. அதுதான் எனக்கு...

வளைகிறது. பஸ் வளைகிறது பாருங்க. மெதுவாகப் போகச் சொல்லுங்க அவனை. இறக்கம்தான் இது, எனக்குத் தெரிகிறது. கியர் போட்டிருக்கிறானா? சத்தம் கேட்கிறதா உங்களுக்கு? அப்பா. நேராகிவிட்டது. இருங்க, கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அந்த வண்டிக்காரன் விமான நிலையத்துக்கு வருகிறான். போலீஸ்காரன் ஃபோனில் பேசி ஏற்பாடு செய்தான். சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்து வாங்க வருகிறானாம். நீங்க என்னோடு கொஞ்சம் வரணும் தம்பி. நீங்க நன்றாக இங்கிலீஷ் பேசறீங்க. பாவாயியை நான் கூட்டி வந்து நிறுத்துகிறேன். அவன் என்ன சொன்னாலும், பிரேக் கெட்டுப்போயிருந்ததாம் அக்கா என்று நீங்க தமிழில்...

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? சரி, வேண்டாம். நீங்க படிக்கிற பிள்ளை, உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவளும் கண்டுபிடித்துவிடுவாள். என் வாயைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள், உங்கள் முகத்தைப் பார்த்தால் விடுவாளா.

அவனையே சொல்லச் சொல்லுங்க. அதற்கு நீங்க பேசுங்க. வண்டி கிழிந்ததற்கும் கண்ணாடி உடைந்ததற்கும் அவன் என்ன கேட்கிறானோ வாங்கிக்கொள்ளட்டும். பேரம் பேச மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தனிடம் பேரம் பேச மாட்டேன் என்று சொல்கிறேன், அதையும் அவனிடம் சொல்லுங்க. புது வண்டி விலை கேட்டாலும் கொடுக்கிறேன். லாரியை விற்றுக் கொடுக்கிறேன். அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பாவாயி எதிரில் வந்து நிற்க வேண்டும். தலையைக் குனியாமல் அவள் முகத்தைப் பார்த்து, "வண்டியில்தான் தப்பு, பிரேக் சரியில்லை, உன் புருசன் என்ன கியரில் வந்திருந்தாலும் இது இப்படித்தான் ஆகியிருக்கும்" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வண்டிக்குச் சொன்னால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வண்டியைக் கொடுத்தவன் அவன்தானே? அப்படியானால் அவன்தான் சொல்ல வேண்டும். அவள் விமானம் ஏறுவதற்குள் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து வாங்காமல் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். சொல்லுங்க அவனிடம், வந்து இதைச் சரி பண்ணிவிட்டுப் போகச் சொல்லுங்க.